எழுத்துக்கு இட்ட இலக்கம்: ஔகாரமும் ஸ்ரீயும் கணினிக்குள் புகுந்த வரலாறு

கணினிக்கு எழுத்து தெரியாது. இலக்கம் மாத்திரமே தெரியும். விசையொன்றை அழுத்தியதும் திரையில் 'க' தோன்றுகிறது. உள்ளே பதிவாவதோ 2965 என்ற எண். அந்த எண்ணைக் கண்டால் இந்த வடிவத்தை வரைய வேண்டும் என்பது எழுத்துருவின் வேலை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் எழுதுபவரும் வாசிப்பவரும் உடன்பட்டிருந்தால், அனுப்பிய தமிழ் தமிழாகவே போய்ச் சேரும். உடன்பாடு இல்லாதபோது என்ன நேரும் என்பதைத் தமிழர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அனுபவித்து அறிந்திருக்கிறார்கள்.

1990களில் இலங்கையிலோ புலம்பெயர்ந்த நாடுகளிலோ கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய பலருக்கு, ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்த கோவை மறந்திருக்காது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல்லின் உள்வடிவம் அதுதான். எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் அது தமிழ். நிறுவப்படாத கணினியில் பொருளற்ற ஆங்கிலம். அக்காலத்துக் கட்டுரைகள், தலையங்கங்கள், மரண அறிவித்தல்கள், சங்கங்களின் ஆண்டு மலர்கள் ஆகியவற்றுள் எத்தனையோ இந்த உள்வடிவத்தில்தான் சேமிக்கப்பட்டன. அவற்றுள் எவ்வளவை நாளை வாசிக்க முடியும் என்ற கேள்விக்கு விடை காண, எழுத்துக்கு இலக்கம் இட்ட வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஈய அச்சுக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. அச்சுக்கோப்பாளருக்குத் தேவைப்பட்டது வடிவம். 247 எழுத்துகளுக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் தேவையான அச்சுகள் அறைகளில் இருந்தன. அவற்றைக் கைவிரல்கள் அறிந்திருந்தன. இடநெருக்கடி முதன்முதலில் தோன்றியது தட்டச்சுப்பொறியில்தான். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென அமைந்த பொறியில் தமிழை அடக்க வேண்டியிருந்தது. இதைச் சாதித்தவர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுபவர், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் தொழில் புரிந்த ஆர். முத்தையா ஆவார். புள்ளியையும் விசிறிகளையும் தனி விசைகளாக்கி, அவற்றை அழுத்தும்போது குறி மாத்திரம் தாளில் விழும், தாள் நகராது என்னும் ஏற்பாட்டை அவர் செய்தார். அதன்மேல் அடுத்த விசையை அழுத்தினால் எழுத்து முழுமை பெறும். 'நகரா விசை' என்று அதற்குப் பெயர்.

இந்த ஏற்பாட்டின் விளைவுகளுள் ஒன்று நூறாண்டு கழித்தும் நம்மைத் தொடர்கிறது. தட்டச்சுப்பொறியில் தமிழ் எழுத்துகள் துண்டுகளாயின. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று அழுத்தல்கள் ஆயிற்று. கண்ணுக்கு எது இடப்பக்கம் தெரிகிறதோ அது முதலில் வந்தது. ஓசையில் ககரம் முந்தியது, கொம்பு அதைச் சார்ந்தது என்பது பொறிக்குத் தேவைப்படவில்லை. இடத்தை மிச்சப்படுத்த, ஒரே துண்டு இரு வேலைகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. ளகரத்துக்குரிய விசையே ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டாகவும் உதவியது. தாளில் பார்த்தவருக்கு வேறுபாடு தெரியவில்லை.

அடுத்து வந்தது கணினி. 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி நியமம் 128 இடங்களைக் கொண்டது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக் குறிகளும் கட்டுப்பாட்டுக் குறிகளும் அதனை நிரப்பின. பின்னர் எட்டுத் துணுக்குகளாக விரிந்தபோது இடங்கள் 256 ஆயின. அவற்றிலும் தமிழுக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட இடம் இருக்கவில்லை. ஆகவே தமிழர் ஒரு தந்திரம் செய்தனர். ஆங்கில எழுத்துகளின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் வடிவங்களை மாத்திரம் தமிழாக மாற்றிய எழுத்துருக்களை வரைந்தனர். பாமினி அவ்வகையைச் சேர்ந்தது. இலங்கைத் தட்டச்சாளர்களுக்குப் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கையே அது பின்பற்றியதால், தட்டச்சு தெரிந்தவர் மறுநாளே கணினியில் அமரலாம் என்ற வசதி ஏற்பட்டது. பத்திரிகைக் காரியாலயங்களுக்கு அது பெரும் வரப்பிரசாதம். பக்கம் அச்சுக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது. உள்ளே என்ன எண் பதிவாகியிருக்கிறது என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. கேட்கும் தேவையும் அன்று தோன்றவில்லை.

இணையம் பரவியபோதுதான் தேவை தோன்றியது. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஒரு பத்திரிகையை வாசிக்க ஓர் எழுத்துருவைத் தரவிறக்க வேண்டும்; இன்னொன்றுக்கு இன்னொன்று. சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வழங்கிய மயிலை, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என ஆர்வலர்களின் முயற்சிகள் பல திசைகளில் நடந்தன. இவற்றை ஒன்றுபடுத்தும் நோக்குடன் 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலானோரின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. அதே காலத்தில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து டிஸ்கி என்ற குறியேற்றத்தை வகுத்தார்கள். ஆங்கிலத்தின் 128 இடங்களையும் தொடாமல், மேலுள்ள 128 இடங்களில் தமிழை அது அமைத்தது. எந்த அரசின் ஆணையுமின்றி, பயன்படுத்துவோரே கூடி ஒரு நியமத்தை உருவாக்கியமை தமிழின் அண்மைக்கால வரலாற்றில் பெருமைக்குரிய நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அப்போதே இன்னொரு நியமம் உலகில் நிலைகொண்டிருந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகள் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் அமைத்த இஸ்கி என்னும் இந்திய நியமத்தின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பே அதற்கு அடிப்படை. தேவநாகரியில் ஓர் எழுத்து எந்த வரிசையில் நின்றதோ அதே வரிசையில் தமிழெழுத்தும் நிற்க வேண்டும். தமிழில் இல்லாத எழுத்தின் இடம் வெறுமையாக விடப்படும். இதனால் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் னகரம் நகரத்தின் அடுத்த வீட்டிலும், றகரம் ரகரத்தின் அடுத்த வீட்டிலும் குடியேறின. எண்களின் வரிசையை அப்படியே பின்பற்றினால் தமிழ் அகராதி ஒழுங்கு கிடைக்காது. அதற்குத் தனி விதிகள் வேண்டும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரப்படவில்லை என்ற மனக்குறையும் தமிழறிஞரிடையே நெடுங்காலம் நிலவிற்று. அக்குறையைத் தீர்க்க வகுக்கப்பட்ட டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் ஒருங்குறியையும் 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில், தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. இலங்கையில், ரெங்கநாதன் ஒழுங்கிலமைந்த விசைப்பலகையையும் ஒருங்குறியையும் கொண்ட தேசிய நியமம் 2008இல் வந்தது. நடைமுறையில் உலகம் ஒருங்குறியின் பக்கம் சென்றுவிட்டது. வின்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தபோது தொடங்கிய மாற்றம், கைத்தொலைபேசிகள் தமிழைப் பேசத் தொடங்கியதும் முற்றுப்பெற்றது.

ஒருங்குறியின் அடிப்படைக் கொள்கை எளிமையானது. அது எழுத்தைச் சேமிக்கிறது. வடிவத்தை எழுத்துருவிடம் விட்டுவிடுகிறது. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்துக்கு முன்னர், லை, ணை முதலியன துதிக்கை போல வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. ஒருங்குறியில் பழைய லையும் புதிய லையும் ஒரே எண்கள்தாம். எழுத்துருவை மாற்றினால் வடிவம் மாறும், சொல் மாறாது. 'கொ' என்பதிலும் ககரம் முதலில் நிற்கும், உயிர்க்குறி அதன்பின் வரும். செவி கேட்கும் ஒழுங்கு அது.

வடிவத்தைச் சேமித்த பழைய கோப்புகளை எழுத்தைச் சேமிக்கும் புதிய முறைக்கு மாற்றும்போதுதான் தட்டச்சுப்பொறியின் கடன் வட்டியோடு திரும்பி வருகிறது. மேலே சொன்ன ஔகாரத்தை எடுத்துக்கொள்வோம். கௌரவம் என்ற சொல்லையும் கெளரவம் என்ற சொல்லையும் இவ்வரியில் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது; அதன் எண் 3020. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இருக்கின்றன. எண்கள் 3014, 2995. வாய்விட்டு வாசித்தால் இரண்டாவது 'கெ-ள-ர-வ-ம்' என்றாகும். பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசைகள் என்பதால், மாற்றும் நிரலுக்கு எது எதுவென்று அறிய வழியில்லை. எல்லாவற்றையும் ளகரம் என்று கொண்டால் பௌத்தம், பௌர்ணமி, மௌனம், சௌக்கியம் யாவும் பிழையாகும். எல்லாவற்றையும் ஔகாரம் என்று கொண்டால் வெள்ளியும் வெள்ளமும் கெளிற்று மீனும் சிதையும். 'வெள்ளி' என்ற சொல்லில் வகரம் ஔகாரம் ஏற்க, ஆதரவற்ற புள்ளி நடுவே தொங்கும். இணையத்தில் இத்தகைய வெள்ளிகளையும் வெள்ளங்களையும் கண்டிராத வாசகர் இருக்க மாட்டார்.

இது வெறும் எழுத்துப்பிழை அன்று. இலங்கையின் பௌத்த வரலாறு பற்றி ஓர் ஆய்வாளர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஔகாரத்தை இட்டு அவர் தேடும்போது, ளகரத்தால் எழுதப்பட்ட கட்டுரையை எளிய தேடற்பொறி கண்டுகொள்ளாது. கட்டுரை இருக்கிறது, ஆனால் இல்லை. புலம்பெயர்ந்தோர் பலருக்குப் பயன்பட்ட சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் செய்த தொண்டு மிகப் பெரிது. ஆனால் எந்த மாற்றியும், மூலத்தில் பதிவாகாத வேறுபாட்டைத் தானாக அறிந்துகொள்ள இயலாது. சொற்பட்டியலின் துணையும் மனிதக் கண்ணும் அதற்கு வேண்டும்.

இனி ஸ்ரீயைப் பார்ப்போம். இலங்கைத் தமிழர் இந்த எழுத்தை இலேசாகக் கடந்து செல்ல முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் வந்தது. 1957 ஜனவரி முதல் மோட்டார் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ பொறிக்கப்பட வேண்டும் என்றாயிற்று. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து, தமிழ் ஸ்ரீயைத் தகடுகளில் எழுதும் இயக்கத்தை நடத்தியது. பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்தை அடுத்துச் சற்றுத் தணிந்த இப்பிரச்சினை, 1958இல் சிங்கள ஸ்ரீ பொறித்த அரசாங்க பஸ் வண்டிகள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது மீண்டும் வெடித்தது. வடக்கில் சிங்கள எழுத்தின் மீதும் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மீதும் தார் பூசப்பட்டது. ஒப்பந்தம் கிழிந்தது, அவ்வாண்டு மே மாதத்தில் நாடு இரத்தம் கண்டது. ஒரு தகட்டின் மேல் எந்த எழுத்து நிற்க வேண்டும் என்பது மனித உயிர்களோடு சம்பந்தப்பட்ட விடயமாக இருந்த நாடு இது.

அத்தகைய எழுத்து கணினிக்குள் எப்படிப் புகுந்தது? டிஸ்கியில் ஸ்ரீக்குத் தனியிடம் தரப்பட்டது. ஓர் எழுத்து, ஓர் எண். தமிழ்99 விசைப்பலகையிலும் மேல்நிலை விசையோடு சேர்த்து அழுத்தினால் ஒரே அழுத்தலில் ஸ்ரீ கிடைக்கும். ஒருங்குறியிலோ அதற்குத் தனி எண் இல்லை. ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி ஆகிய நான்கும் வரிசையாக வந்தால் எழுத்துரு அவற்றை ஒன்றாக்கி ஸ்ரீ என்று வரைந்து காட்டும். எண்கள் 3000, 3021, 2992, 3008. கிரந்த மரபின்படி இந்த எழுத்தின் முதலுறுப்பு ஸகரம் அன்று, ஶகரம். ஆனால் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் தொடக்கத்தில் ஜ, ஷ, ஸ, ஹ என்பவையே இருந்தன. ஶகரத்துக்குரிய 2998ஆம் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 2005இல் வெளியான 4.1ஆம் பதிப்பில் அந்த இடம் நிரப்பப்பட்டது. அன்று முதல் ஶகரத்தைக் கொண்டும் அதே ஸ்ரீயை எழுதலாம் என்றாயிற்று.

விளைவாக இன்று ஸ்ரீக்கு இரண்டு உள்வடிவங்கள் உள்ளன. ஸ்ரீ என்பது ஒன்று; ஶ்ரீ என்பது மற்றொன்று. மரபுக்கு ஒத்தது பின்னது. உலகெங்கும் தமிழர் விரல்கள் பழகிப்போனது முன்னது. வல்ல தேடற்பொறிகள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக்கூடும். ஆனால் ஒரு பாடசாலையின் மாணவர் இடாப்பும், வங்கியொன்றின் வாடிக்கையாளர் பட்டியலும், நூலகமொன்றின் ஆசிரியர் பெயரடைவும் அவ்வாறு செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்ரீதரன் என்ற ஒருவர் ஓரிடத்தில் ஸகரத்தாலும் இன்னோரிடத்தில் ஶகரத்தாலும் பதியப்பட்டால், எண்களை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு அவர்கள் இருவர். ஒருமுறை இட்ட எண்ணை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறியின் உறுதியான விதி. அந்த உறுதி இருப்பதாலேயே நாம் இன்று எழுதுவது நாளையும் வாசிக்கப்படும் என்று நம்ப முடிகிறது. அதே உறுதியால், பிந்தி வந்த திருத்தமும் முந்திய வழக்கமும் இரண்டும் நிலைத்துவிட்டன.

பிந்தி வந்தவை இன்னும் உண்டு. பழைய கணக்கேடுகளிலும் உறுதிகளிலும் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹ என்ற குறிகளை நம் முன்னோர் எழுதினர். 1991இல் இவை ஒருங்குறியில் இடம்பெறவில்லை. 2003இல் வந்த 4.0ஆம் பதிப்பிலேயே இடம்பெற்றன. தமிழ் எண்கள் முதலிலிருந்தே இருந்தன. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்பனவும் இருந்தன. இவற்றைக் கொண்டு எண்ணிய பழைய முறையில் சுழியத்துக்கு இடமில்லை. தமிழ்ச் சுழியமான ௦ 2005இல்தான் சேர்ந்தது. அதற்குமுன் தமிழ் எண்ணால் பத்தின் பெருக்கங்களை இக்கால முறையில் எழுத விரும்பியவர் வேறேதேனும் வட்டத்தைத்தான் கடன் வாங்க வேண்டும். முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 வடிவங்கள் 2019இல், 12.0ஆம் பதிப்பில், தனிப்பகுதியாக வந்து சேர்ந்தன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. ஓலைச்சுவடியில் அதை எழுதியவனுக்கு ஒரு கீறல் போதுமாயிருந்தது. கணினி அதை ஏற்க, ஒருங்குறி தொடங்கி 28 ஆண்டுகள் சென்றன.

எண்களிலும் பழைய குழப்பம் உண்டு. ௧ என்ற எண் ககரம் போலவும், ௭ என்ற எண் எகரம் போலவும், ௮ என்ற எண் அகரம் போலவும் தோன்றும். தனி விசை இல்லாத இடங்களில் எழுத்தையே எண்ணாக இடுவது எளிய வழி. அச்சில் தீங்கில்லை. ஆனால் ஒருங்குறியில் ககரம் 2965, ஒன்று என்ற எண் 3047. எண்ணாக எழுதியது எழுத்தாகச் சேமிக்கப்பட்டால், கணக்கும் பிழைக்கும், தேடலும் பிழைக்கும்.

இந்தச் சிறு வேறுபாடுகளுக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதே இரவில் ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் எரிக்கப்பட்டது. நெருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அந்த இழப்பை நாம் நினைவுகூருகிறோம். கோப்பைத் திறந்ததும் வாசிக்க முடியாத எழுத்துக்கோவையைக் கண்டு 'இது பழுதாகிவிட்டது' என்று அழித்துவிடும் இழப்புக்குச் சாட்சியும் இல்லை, நினைவுநாளும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அச்சிட்ட பக்கங்களைப் படமாக்கிப் பாதுகாத்துவருவதால் பெரும்பகுதி தப்பியிருக்கிறது. 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் குறியேற்றத்திலிருந்து குறியேற்றத்துக்குக் காலந்தோறும் மாற்றிக்கொண்டே வந்தது. ஆனால் அச்சேறாமல் வட்டுகளில் மட்டும் தங்கிவிட்ட எழுத்துகளுக்கு அத்தகைய காவலர் எவருமில்லை.

ஆகவே அவற்றை வைத்திருப்போர் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய கோப்பை மாற்றியபின்னும் மூலத்தை அழிக்கலாகாது. அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்ற குறிப்பையும், இயன்றால் அந்த எழுத்துருவையும், உடன் வைக்க வேண்டும். மாற்றிய பிரதியில் ஔகாரச் சொற்களையும் வெள்ளி, வெள்ளம் போன்ற சொற்களையும் தனியே தேடிச் சரிபார்க்க வேண்டும். பெயர்களைப் பதியும் நிறுவனங்கள் ஸ்ரீக்கு இரண்டில் ஒன்றைத் தெரிந்து, தேடும்போது இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்படி தம் நிரல்களை அமைக்க வேண்டும். முன்னர் பத்திரிகைகளில் ஒப்புநோக்காளர் என்று ஒருவர் இருந்தார்; ஒற்றும் கொம்பும் சரியா என்று வரிவரியாகப் பார்ப்பது அவர் பணி. அந்தப் பணி இப்போது கோப்புக்குள் இருக்கும் எண்கள்வரை நீண்டிருக்கிறது. பாமினியில் எழுதிய தலைமுறையினர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தாம் எழுதியது ளகரமா ஔகாரமா என்று ஐயமின்றிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம். அவர்களைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டிய காலமும் இதுவே.